இவன் காரியம் என்ன?

டீச்சரம்மா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து வாசித்தபோது, ஐந்து பேர் ஒரே வலியை எழுதியிருந்தார்கள்: பக்கத்தில் இருக்கிறவரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிற வலி. ஒருவரையொருவர் அறியாதவர்கள். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று ஒருவர்தான் கேட்டிருந்தார். நான் எல்லோருடையதையும் விட்டுவிட்டேன். மற்ற கடிதங்களுக்கு அடுத்த மாதம் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டீச்சரம்மா, எனக்கு 34 வயது. இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் டவுனில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கிறார். அவர் தம்பி குவைத்தில் இருக்கிறார். எங்கள் வீட்டை ஒட்டியே போன வருஷம் மாடி வீடு கட்டிப் பிரதிஷ்டை வைத்தார்கள். எங்களுடையது இன்னும் ஓட்டு வீடு; மழை பெய்தால் அடுப்பங்கரையில் சட்டி வைக்க வேண்டும். மாமியார், வருகிறவர்களை எல்லாம் இளைய மகன் வீட்டுக்குத்தான் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். என் ஓர்ப்படியாள் தினமும் ஸ்டேட்டஸில் ஏதாவது போடுகிறாள். நான் பத்து வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து ஜெபிக்கிறேன். அவர்கள் கோயிலுக்கு வருவதே மாதம் ஒருமுறைதான். ஆண்டவர் எனக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்கிறார்? சபையார் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குள் நாங்களும் மாடி எடுத்துவிடலாம் என்று நகையை அடகு வைத்து, மிச்சத்துக்குக் குழுவில் கடன் வாங்க நினைக்கிறேன். அவர் வேண்டாம் என்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: மகளே, நீ கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் நாள் குறைவு. நகையை அடகு வைக்காதே. குழுவிலும் கையெழுத்துப் போடாதே. உன் வீட்டுக்காரர் சொல்வதைக் கேள். ஒழுகுகிற இடத்தில் ஓட்டை மாற்றுங்கள். கைமரம் உளுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அது வீட்டுக்குத் தேவை. மாடியோ, பார்க்கிறவர்கள் கண்ணுக்காக எடுப்பது. அடகு வட்டி மாதாமாதம் ஏறும். குழுக் கடனுக்கு வாரம் தவறாமல் வாசலில் ஆள் வந்து நிற்கும். அசனம் ஒரு நாளில் முடிந்துவிடும், தவணை முடியாது.

இனி உன் மனசுக்கு வருகிறேன்.

உனக்கு மற்றவர்கள் என்ன ஆறுதல் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ‘அவளுக்கும் ஏதாவது கஷ்டம் இருக்கும், வெளியே தெரியாது’ என்பார்கள். ‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்’ என்பார்கள். இந்த இரண்டையும் நான் உனக்குச் சொல்லமாட்டேன். முதலாவது ஆறுதல், அவள் வீட்டில் துக்கம் இருக்க வேண்டும் என்று நம்மை ஆசைப்பட வைக்கும். புருஷன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதானே வருகிறான் என்று கணக்கெடுத்து, அதில் குளிர்காயச் சொல்லும். இரண்டாவது, இல்லாதவள் ஒருத்தியின் கண்ணீரை நம் நிம்மதிக்கு மருந்தாக அரைத்துக் குடிக்கச் சொல்லும். இரண்டிலும் தராசு அதே தராசுதான். தட்டு மட்டும் இப்போதைக்கு நம் பக்கம் தாழ்ந்திருக்கிறது. தராசையே கீழே வைக்கிற வழியைத்தான் நாம் தேட வேண்டும்.

அதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1983-ல் ஒரு சபைப் பள்ளியில் முதல் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்தேன். 1998 ஜூனில் தலைமையாசிரியை இடம் காலியானது. எனக்குத்தான் என்று ஊரே சொன்னது. நிர்வாகம், எனக்கு நான்கு வருஷம் பின்னால் சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்தது. காரணம் சொல்லவில்லை. நான் எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. கேட்டது தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆண்டவரை நம்புகிறவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. விதவை ஒருத்தி அநீதியுள்ள நியாயாதிபதியை விடாமல் அலட்டியதை இயேசுவே கதையாகச் சொல்லியிருக்கிறார்.

தப்பு, அதற்குப் பிறகு நடந்தது. என் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் தலைமையாசிரியை அறையின் வாசல் நேரே தெரியும். மூன்று வருஷம் நான் அந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் உள்ளே போகிறார்கள், அவர் யாரிடம் சிரித்துப் பேசுகிறார், பத்து மணிக்கு வந்தாரா, பத்தே காலுக்கு வந்தாரா, எல்லாம் எனக்குத் தெரியும். என் முன்னால் உட்கார்ந்திருந்த நாற்பது பிள்ளைகளைப் பற்றித் தெரியாது. ஒரு நாள் ஒரு தாய், கூலி வேலைக்குப் போகிறவள், சிலேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். “டீச்சர், பய இன்னும் ‘உ’னாவத் திருப்பிப் போட்டுத்தான எழுதுதான்?” என்று கேட்டாள். அவளுக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அவன் எத்தனை வாரமாக அப்படி எழுதிக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியவில்லை. பதவி கிடைக்காததால் எனக்கு என்ன நஷ்டம் என்று மூன்று வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைக்கு வந்த நஷ்டம் என் கணக்கிலேயே இல்லை.

அந்த வருஷம் லெந்து என்கிற தவக்காலத்தில் பெண்கள் கூட்டத்தில் சங்கீதம் வாசிக்கிற முறை எனக்கு வந்தது. 73-ஆம் சங்கீதம். ‘பொறாமை கொண்டேன்’ என்கிற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. கூட்டத்தில் இருந்தவர்கள் தொண்டை அடைத்துக்கொண்டது என்று நினைத்து, ஒரு அக்கா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள்.

அதைப் பாடியவன் ஆசாப். யாரோ வழிப்போக்கன் இல்லை. உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாகப் பாடவும் கைத்தாளம் கொட்டவும் தாவீது நியமித்த தலைவன். நம்முடைய கோயிலில் கொயர் மாஸ்டர் எழுந்து நின்று, ‘எனக்கு அவர்கள்மேல் பொறாமை, கால் சறுக்கி விழப் பார்த்தேன்’ என்று சபை நடுவே சொல்வதுபோல. அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் ‘எனக்கோ, தேவனை அண்டிக்கொண்டிருப்பதே நலம்’ என்கிற இடத்துக்கு அவன் வந்து சேருகிறான். நான் மூன்று வருஷமாக ‘ஆண்டவரே, நியாயம் செய்யும்’ என்று ஜெபித்திருந்தேன். ‘எனக்கு அவள்மேல் பொறாமையாக இருக்கிறது’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அன்று ராத்திரி சொன்னேன். பெயரைச் சொல்லிச் சொன்னேன்.

அதோடு பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் மறுநாள் காலையில் முதல் வேலையாக, பெரிய பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு என் மேஜையைத் திருப்பிப் போடச் சொன்னேன். ஜன்னலுக்கு முதுகு, பிள்ளைகளுக்கு முகம். 2014-ல் ஓய்வு பெறும்வரை அது அப்படியே இருந்தது. தலைமையாசிரியை ஆகாமலேயே ஓய்வு பெற்றேன். ஏன் எனக்கு அது கிடைக்கவில்லை என்று ஆண்டவர் இன்றுவரை சொல்லவில்லை. ‘இதற்காகத்தான் உன்னை முதல் வகுப்பிலேயே வைத்தேன்’ என்று அழகாக முடிகிற ஒரு சாட்சி என்னிடம் இல்லை, மகளே. அவரை நம்பினேன், அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்கும் மேஜையைத் திருப்பியதற்கும் ரொம்பத் தூரமில்லை என்று மட்டும் தெரியும்.

நீ 73-ஆம் சங்கீதத்தை எடுத்து வாசித்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆசாப் பொறாமைப்பட்டது துன்மார்க்கரைப் பார்த்து. உன் ஓர்ப்படியாள் துன்மார்க்கி இல்லை. நீ எழுதிய நான்கு பக்கத்தில் அவள் உனக்குச் செய்த கெடுதல் ஒன்றுகூட இல்லை. ஆகவே ‘அவர்கள் முடிவைப் பார்’ என்கிற பகுதியை அவள்மேல் ஏற்றிவிடாதே. உன் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான இடம் மத்தேயு 20. திராட்சத்தோட்டத்துக்கு அதிகாலையில் வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசியிருந்தது. சாயங்காலம் கடைசி மணி நேரத்தில் வந்தவர்களுக்கும் அதே ஒரு பணம். முதலில் வந்தவர்கள், ‘பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே’ என்று முறுமுறுத்தார்கள். உன் கடிதத்தில் வெள்ளிக்கிழமை உபவாசம் வருகிற வரி இதுதான். அதற்கு எஜமான், ‘நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா’ என்று கேட்கிறார். வன்கண் என்கிற சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பில் எவ்வளவு சரியாகப் போட்டிருக்கிறார்கள்! அவர்கள் கையில் இருந்த கூலியில் ஒரு காசு குறையவில்லை. பக்கத்தில் இருந்தவன் கையைப் பார்த்த கண்தான் இறுகிப்போனது.

உபவாசத்தை விடாதே. ஆனால் அதை மாடி வீட்டுக்குக் கட்டுகிற சீட்டுப் பணம்போல எண்ணாதே. பத்து வருஷ வெள்ளிக்கிழமைகளில் உனக்கு ஆண்டவர் கிடைத்திருக்கிறார். அவரை வட்டி இல்லாத அசல் என்று நினைத்து நீ ஏங்குகிறாய்.

மாமியார் விஷயம். சவுலும் தாவீதும் யுத்தத்திலிருந்து திரும்பி வந்தபோது பெண்கள், ‘சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்’ என்று பாடினார்கள். அன்று காலைவரை ஆயிரம் என்பது சவுலுக்குப் பெரிய எண்ணாகத்தான் இருந்திருக்கும். பக்கத்தில் பதினாயிரத்தை வைத்ததும் அது சிறுத்துப்போனது. அந்நாள்முதல் சவுல் தாவீதைக் காய்மகாரமாய், அதாவது பொறாமையாய்ப் பார்த்தான் என்று எழுதியிருக்கிறது. பாட்டைப் பாடியது தாவீது இல்லை. ஆனால் ஈட்டி அவன்மேல்தான் எறியப்பட்டது. உன் வீட்டிலும் பாடுகிறவர் வேறு, அடிபடுகிறவள் வேறு. மாமியாரிடம் ஒரு நாள், யாரும் இல்லாதபோது, சண்டைக் குரல் இல்லாமல், “அத்தை, நீங்க இப்படிச் சொல்லும்போது பிள்ளைங்க முகம் வாடுது” என்று சொல். வயசானவர்கள் பல நேரம் தெரியாமல்தான் செய்கிறார்கள். ஓர்ப்படியாளின் ஸ்டேட்டஸை ஒரு மாதம் மியூட் செய்துவை. அது பகை ஆகாது. அசனத்தன்று அவளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு. ஒரே அண்டாவில் வெந்த சோறு, ஒரே குழம்பு. மாடி வீட்டுக்கு ஒரு கரண்டி, ஓட்டு வீட்டுக்கு ஒரு கரண்டி என்று அங்கே யாரும் ஊற்றுவதில்லை.

கேள்வி: நீட் தேர்வு இரண்டாவது தடவை எழுதியும் கிடைக்கவில்லை. என் மாமா மகன் முதல் தடவையே எழுதி அரசுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். அம்மா அவன் ஸ்டெதஸ்கோப்போடு இருக்கிற போட்டோவைத் தன் போனில் வைத்திருக்கிறார்கள். என்னைக் குத்திக் காட்டுவதற்காக இல்லை, எனக்கு ஊக்கம் வரட்டும் என்று. எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. ஜெபம் பண்ணவும் வெறுப்பாக இருக்கிறது.

பதில்: தம்பி, திபேரியா கடற்கரையில் ஒரு காலைவேளை. கரிநெருப்பில் மீன் சுட்டு இயேசு சீஷர்களுக்குக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் பேதுருவிடம், அவன் முதிர்வயதில் கைகளை நீட்டுவான், வேறொருவன் அவனுக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்று சொல்கிறார். எவ்வளவு பாரமான வார்த்தை! அதைக் கேட்ட அடுத்த நிமிஷம் பேதுரு செய்தது, திரும்பிப் பார்த்தது. பின்னால் யோவான் வந்துகொண்டிருந்தான். “ஆண்டவரே, இவன் காரியம் என்ன?” என்று கேட்டான்.

பேதுருவைக் குறை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. நமக்கு ஒரு பாரம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவனுக்கு என்ன என்று பார்ப்பது மனுஷ சுபாவம். அதற்கு இயேசு, ‘உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா’ என்றார். சின்ன வயதில் அதை அதட்டல் என்று நினைத்தேன். இப்போது அதே வார்த்தை இளைப்பாறுதலாகக் கேட்கிறது. யோவானின் வழியைப் பேதுரு சுமக்க வேண்டாம், அவ்வளவுதான். உன் மாமா மகனின் வழியும் உன் முதுகில் ஏற்றியது இல்லை.

ஜெபிக்க வெறுப்பாக இருந்தால், வெறுப்பாக இருக்கிறது என்றே ஜெபி. அவர் கேட்பார். மூன்றாவது தடவை எழுதுவதா என்பதை இந்த மாதம் முடிவு செய்யாதே. நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, ஒரு மாதம் கழித்து அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, எழுதினால் அதுதான் கடைசி என்று ஒரு எல்லை வைத்துப் பேசுங்கள். நர்சிங், மருந்தியல், கால்நடை, வேளாண்மை என்று உயிரைப் பேணுகிற படிப்புகள் இன்னும் இருக்கின்றன. சாப்பிடப் பிடிக்காதது இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, உயிரோடு இருந்து என்ன என்கிற நினைப்பு ஒரு தடவை வந்தாலோ, அன்றைக்கே 104 என்கிற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் பண்ணு, தமிழிலேயே பேசுவார்கள். மனநல உதவிக்கு 14416 என்கிற எண்ணும் உண்டு. ஆண்டவரை நம்புவதும் இன்னொரு மனுஷனிடம் உதவி கேட்பதும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

உன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அம்மா, அந்தப் போட்டோவை அழித்துவிடுங்கள். உங்கள் பிள்ளை சாதாரணச் சட்டையில் சிரிக்கிற போட்டோ ஒன்று உங்களிடம் இருக்கும். அதை வையுங்கள்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தபோது என் தங்கச்சிக்கு ‘நீ கடன் கொடுப்பாய், கடன் வாங்குவதில்லை’ என்கிற மாதிரி வசனம் வந்தது. எனக்கு ‘உபத்திரவத்திலே பொறுமையாயிருங்கள்’. வருஷம் முழுக்க எனக்குக் கஷ்டம்தானா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

பதில்: இல்லை, கண்ணு. அட்டை என்பது அச்சகத்தில் வெட்டிக் கட்டிய தாள். குறி கேட்பதுபோல அதை எடுக்கக்கூடாது. அந்த வசனம் ரோமர் 12-ல் இருக்கிறது. பவுல் அதை ஒரு சபை முழுவதுக்கும் எழுதினார், உன் தங்கச்சியையும் சேர்த்து. அட்டையில் இடம் போதாமல் அந்த வசனத்தின் முதல் பகுதி விட்டுப்போயிருக்கிறது. ‘நம்பிக்கையிலே சந்தோஷமாயிருங்கள்’ என்றுதான் அது தொடங்குகிறது. வேதத்தை எடுத்து முழுசாக வாசி.

கேள்வி: மற்றவர்களோடு ஒப்பிடக்கூடாது என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். நான் ஒரு சிறு தொழில் செய்கிறேன். பக்கத்துக் கடைக்காரன் என்ன செய்கிறான் என்று பார்க்காவிட்டால் முன்னேறுவது எப்படி? எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று உட்கார்ந்திருக்கவா?

பதில்: உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை, தம்பி. என் அப்பா பனையேறி. தை பிறந்து பாளை சீவத் தொடங்கினால் ஆடிவரை ஓய்வு இல்லை. முப்பது பனை, காலையும் மாலையும் ஏற வேண்டும். விடிலி என்கிற ஓலைக் குடிசையில் அம்மா பதனியைக் காய்ச்சுவார்கள். உடைமுள் வாங்கிப்போட்டு எரித்து, கூப்பனி என்கிற இளம்பாகுப் பதம் தாண்டிப் பாகு இறுகியதும் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டி எடுப்போம். அந்தப் புகையில்தான் நான் படித்தேன்.

ஏறுகிறவர்களுக்குத் தெரியும்: அலகுப் பனைக்கு, அதாவது ஆண் பனைக்கு, ஒரு பக்குவம்; பருவப் பனைக்கு, பெண் பனைக்கு, வேறு பக்குவம். கடிப்பு என்கிற மர இடுக்கி வைத்துப் பாளையை நசுக்குவதிலும் சீவுவதிலும் கை கொஞ்சம் தவறினாலும் பாளை வீணாகும். அப்பா அந்தக் கையைத் தன் சித்தப்பாவிடமும், பக்கத்துத் தோட்டத்துப் பனையேறி ஒருவரிடமும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். அதைக் கற்றல் என்று சொல்வேன். நீ பக்கத்துக் கடையில் கணக்கு எழுதுகிற முறையை, சரக்கு அடுக்குகிற முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டால் அதில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு எத்தனை கலயம் நிறைந்தது என்று அப்பா சாயங்காலம் எண்ணியதை நான் பார்த்ததில்லை.

எங்கள் பனைகளிலேயே கிணற்றடியில் நின்ற ஒன்று கலயம் வழியக் கொடுக்கும். தேரி என்கிற செம்மணல் மேட்டுப் பக்கம் நின்ற ஒன்று, கலயத்தின் அடி நனைகிற அளவுக்குத்தான். “அதை ஏம்ப்பா ஏறுதீங்க, விட்டுருங்களேன்” என்று கேட்டேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். “அது வேரு போன வழி அப்படி. அதுக்கு உள்ளத அது குடுக்கு” என்றார். அந்தப் பனைக்கும் மற்றதைப்போலவே பொழுது விடியுமுன் ஏறி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி, அதே கவனத்தோடு சீவினார். மழைக்கும் மண்ணின் ஈரத்துக்கும் அவர் பொறுப்பாளி இல்லை; சீவுகிற கத்தியின் கூருக்குப் பொறுப்பாளி. ராத்திரி ஜெபத்தில் மழையைக் கேட்பார். காலையில் கத்தியைத் தீட்டுவார். உன் கடைக்கும் நான் அதையேதான் சொல்வேன்.

கேள்வி: எனக்கு 71 வயது. ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் இரவு ஆராதனையில் சாட்சி சொல்கிறார்கள். மகனுக்கு விசா கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, நிலம் வாங்கினோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்வார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. ஆறு வருஷமாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கிற மனைவியைப் பார்த்துக்கொள்கிறேன். குணமாகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆண்டவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லையோ என்று நினைப்பு வருகிறது.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் இதுதான் என்னை அதிகம் அழவைத்தது.

சாட்சிகளைக் கேட்டு மனம் குன்றுவது வீட்டையும் மார்க்கையும் ஒப்பிடுவதைவிட வலிக்கும். அங்கே ஆண்டவரின் அன்பையே அளந்துபார்க்க வேண்டியதாகிவிடுகிறது. சபைகள் இதை யோசிக்க வேண்டும். கிடைத்ததை மட்டும் சாட்சி என்று எண்ணிப் பழகியதால், கிடைக்காமல் காத்திருக்கிறவர்கள் பெஞ்சில் தலை குனிந்திருக்கிறார்கள். இது நம் குற்றம், உங்கள் குற்றம் இல்லை.

திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற நம்முடைய டோனாவூரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏமி கார்மைக்கேல் அம்மா 1895-ல் இந்தியாவுக்கு மிஷனரியாக வந்தார்கள். 1901 முதல் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். ஓடி ஓடி உழைத்தவர்கள். 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அத்தனை பிள்ளைகள் ஜெபித்தும் பழைய நடை திரும்பவில்லை. 1951 ஜனவரியில் கண் மூடும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஒரே அறைதான், படுக்கைதான். அந்த இருபது வருஷமும் ஆண்டவர் டோனாவூர்ப் பக்கம் வரவில்லை என்று அங்கே வளர்ந்த ஒரு பிள்ளையும் சொல்லமாட்டாள். உங்கள் துக்கத்தை அவர்கள் துக்கத்தோடு வைத்து எடை போடச் சொல்லவில்லை, ஐயா. ஒரே ஆண்டவர் குணமாகாத அறையிலும் இருந்தார் என்பதற்காகச் சொன்னேன். கல்லறையில் தனக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்து, அதில் ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தார்கள்.

முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள். ஆறு வருஷம் தனியாளாகத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டி வருகிறீர்கள். தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை செய்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். சபைப் பெண்கள் சங்கத்தில் சொல்லி, வாரம் ஒரு மத்தியானம் யாராவது வந்து உட்காரும்படி கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நீங்கள் கோயிலுக்கு வருகிற அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஆயரும் விசாரித்திருக்க வேண்டும்.

வருஷக் கடைசியில் உங்களுக்கு மனமிருந்தால் எழுந்து நில்லுங்கள். “என் மனைவி இந்த வருஷமும் எழும்பவில்லை. தினமும் காலையில் அவளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசிக்கிறேன். அவள் உதடு கூடவே அசைகிறது” என்று சொல்லுங்கள். இது நான் சேர்த்துச் சொன்னது இல்லை. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், சொல்ல ஒன்றும் இல்லை என்று எழுதியதற்கு அடுத்த பத்தியில், நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.